பந்தயக் காருக்கு முதலில் வேண்டுவது எது?

மோட்டார்ப் பந்தயம் என்ற மாத்திரத்தில் நம்மில் பலருக்கு நினைவு வருவது காதைத் துளைக்கும் எஞ்சின் ஓசைதான். "எஞ்சின் எத்தனை குதிரைத் திறன்?" என்பதே எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. "வளைவில் எவ்வளவு வேகம் தாங்கும்?" என்று கேட்பவர் அரியர். இந்த இரண்டாம் கேள்விதான் பந்தயக் காரின் உயிர்நிலை என்பதைச் சில எளிய கணக்குகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை இப்போது எழுத வேண்டியதற்குக் காரணமும் உண்டு. நம் பல்கலைக்கழகத்து மாணவர் சிலர் சேர்ந்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டி வருகிறோம் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் பலர் மெஸ் செலவில் மிச்சம் பிடித்து எங்களுக்குப் பணம் தந்தார்கள். அப்பணம் ஒரு வேலைக்குத்தான் போதும்: ஒன்று எஞ்சினைத் திருத்தலாம், அல்லது சஸ்பென்ஷனைத் திருத்தலாம். இரண்டையும் முழுமையாகச் செய்ய வகையில்லை. நாங்கள் சஸ்பென்ஷனைத் தேர்ந்தோம். "நாங்கள் கொடுத்த பணத்தில் வண்டி இன்னும் வேகமாக ஓட வேண்டாமா?" என்று சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய விடையாகவும் இதனைக் கொள்ள வேண்டுகிறேன்.

சிறிய எஞ்சின் வென்ற கதை

1958-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அர்ஜென்டினாவின் தலைநகரான போனஸ் அயர்ஸில் ஒரு பெரும் பந்தயம் நடந்தது. பெராரி கார்களில் சுமார் இரண்டரை லிட்டர் எஞ்சின்கள் இருந்தன. ஸ்டர்லிங் மாஸ் என்ற ஆங்கில வீரர் ஓட்டிய கூப்பர் காரிலோ இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவான எஞ்சின். அதுவும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தது. திறனில் குறைந்த அந்தச் சின்னஞ்சிறு வண்டி பந்தயம் முழுவதையும் டயர் மாற்றாமலே ஓடி முடித்து முதலில் வந்தது. வண்டி இலேசானது, டயரை அதிகம் தின்னாதது, மாஸும் அதைப் பதமாக ஓட்டினார். எஞ்சினைப் பின்னால் வைக்கும் முறை அதன்பின் சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவிவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கொத்த செய்தி உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றி நம் தந்தையரும் பாட்டனாரும் சொல்லக் கேட்டிருப்போம். 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையே அமைந்துவிட்டது. அக்காலத்தில் கோயமுத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் என்பார், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்று அவற்றுக்குப் பெயர். குடும்பங்கள் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்த காரின் எஞ்சின் அது! அந்த வகைக் கார்களில் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன்தான், பின்னர் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைத்தான் கோயமுத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே தாங்கி நிற்கிறது. மாணவர்கள் கட்டிய கார்களுக்கான 'பார்முலா பாரத்' போட்டி நடந்துவந்த இடமும் அதுவே.

நான்கு உள்ளங்கைகள்

காரைத் தரையோடு பிணைப்பவை எவை? நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு இடங்கள் மட்டுமே. எங்கள் கார் போன்ற சிறு வண்டியில் அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும், பிரேக் எவ்வளவு கடித்தாலும், ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும், அத்தனையும் இந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் சாலையைச் சேர வேண்டும். அவற்றின் பிடியே வண்டியின் எல்லை.

மாணவர் போட்டியில் 'ஸ்கிட்பேட்' என்றொரு சோதனை உண்டு. எட்டு என்ற எண்ணின் வடிவில் இரண்டு வட்டங்கள். உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். பாதையின் நடுவே ஓடினால் ஆரம் சுமார் 9.1 மீட்டர். ஒரு சுற்றை 5.5 விநாடியில் முடிக்கும் காரின் வேகம் என்ன? சுற்றளவு 57 மீட்டர், அதனை 5.5-ஆல் வகுத்தால் விநாடிக்கு 10.4 மீட்டர், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர்தான். சைக்கிளில் விரைந்து மிதிப்பவர்கூட இறக்கத்தில் இந்த வேகத்தை எட்டலாம். ஆனால் அந்தச் சிறு வட்டத்தில் டயர்கள் தாங்கும் பக்கவிசை புவியீர்ப்பைப் போல் 1.2 மடங்கு! வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள்; விளங்கும்.

இவ்விடத்தில் எஞ்சினை இரட்டிப்பாக்கினால் என்ன பயன்? ஒன்றுமில்லை. டயர்கள் ஏற்கெனவே தம் எல்லையில் நிற்கின்றன. மேலும் திறனைக் கொட்டினால் வண்டி வட்டத்தை விட்டு வெளியே போகும், அவ்வளவே.

எடை இடம் மாறுதல்

பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கமாகச் சாய்கிறோம். காரின் எடையும் அவ்வாறே வெளிப்புறச் சக்கரங்களின் மேல் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. வண்டியின் எடையைப் பக்கவிசையின் மடங்கால் பெருக்கி, எடை மையத்தின் உயரத்தால் பெருக்கி, இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

ஓட்டுபவரோடு சேர்த்து 280 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக் கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர், சக்கர அகலம் 120 சென்டிமீட்டர், பக்கவிசை 1.2 மடங்கு. 280 × 1.2 × 30 ÷ 120 = 84 கிலோ. உட்பக்கச் சக்கரங்களிலிருந்து இந்த 84 கிலோ வெளிப்பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. முன்னும் பின்னும் சமமாகப் பங்கிட்டால் அச்சுக்கு 42 கிலோ. நேராக ஓடும்போது சக்கரத்துக்கு 70 கிலோ வீதம் இருந்தது. வளைவிலோ வெளிச்சக்கரத்தில் 112 கிலோ. உட்சக்கரத்தில் 28 கிலோ.

மொத்தம் மாறவில்லையே, பின் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இங்கேதான் டயரின் இயல்பு குறுக்கிடுகிறது. சுமை இரட்டித்தால் டயரின் பிடி இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. உதாரணத்துக்கு, 70 கிலோ சுமையில் ஒரு டயரின் பிடி சுமையைப் போல் 1.5 மடங்கு என்றும், 112 கிலோவில் 1.4 மடங்கு என்றும், 28 கிலோவில் 1.6 மடங்கு என்றும் வைத்துக் கொள்வோம். சுமை சமமாக இருந்தால் ஓர் அச்சின் மொத்தப் பிடி 210 கிலோ. சுமை மாறிய பின்போ 156.8-உம் 44.8-உம் சேர்ந்து 201.6 கிலோதான். 100-க்கு 4 பங்கு பிடி எங்கோ கரைந்து போயிற்று.

ஆகவே சஸ்பென்ஷனைத் திருத்துவோரின் முதல் வேலை, செலவில்லாத வேலை, எடை மையத்தைத் தாழ்த்துவதே. பாட்டரியைக் கீழே இறக்கினோம். பெட்ரோல் தொட்டியைத் தாழ்த்தினோம். ஓட்டுபவரின் இருக்கையைச் சற்று மல்லாத்தினோம். மையம் 2 சென்டிமீட்டர் இறங்கினால் 84 கிலோ 78.4 ஆகிறது. ஸ்பானரும் பொறுமையும் தவிர இதற்கு வேறு மூலதனம் வேண்டியதில்லை.

வில்வண்டி கற்பிக்கும் பாடம்

நம் ஊர்களில் பார வண்டியும் உண்டு, வில்வண்டியும் உண்டு. பார வண்டியில் அச்சின் மேல் நேரே சட்டம். கல்லில் ஏறினால் வண்டியே துள்ளும். வில்வண்டியில் பட்டை வில்கள் நடுவே நிற்பதால் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும். உள்ளே அமர்ந்த மணப்பெண்ணின் பூச்சரம்கூட அசையாது என்பார்கள். பந்தயக் காரில் வில் வைப்பது மணப்பெண்ணின் சுகத்துக்காக அன்று. சக்கரம் தரையை விட்டுப் பிரியாமல் இருப்பதற்காக. தரையைத் தொடாத டயருக்குப் பிடி ஏது?

வில் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும்? ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டால் அது தனக்கே உரிய கதியில் ஆடுவது போல, வில்லின் மேல் நிற்கும் வண்டிக்கும் ஓர் இயற்கையான ஆட்டக் கதி உண்டு. சாதாரணக் கார்களில் அது விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை. எங்கள் காருக்கு விநாடிக்கு 3 முறை என்று கொண்டோம். ஒரு சக்கரத்துக்குரிய 70 கிலோவில் சக்கரமும் அதைச் சார்ந்த உறுப்புகளும் 10 கிலோ. வில்லின் மேல் நிற்பது 60 கிலோ. 2 × 3.1416 × 3 என்பதன் வர்க்கம் 355. அதை 60-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 21,300 நியூட்டன். அதாவது சக்கரத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்த 21.3 நியூட்டன் விசை வேண்டும்.

ஆனால் சுருள்வில் சக்கரத்தின் நேர்மேலே இல்லை. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் வில் 8 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது. நெம்புகோல் விதிப்படி விசையிலும் தூரத்திலும் இந்த 0.8 என்ற விகிதம் நுழைவதால், அதன் வர்க்கமான 0.64-ஆல் வகுக்க வேண்டும். 21.3 ÷ 0.64 = 33.3. ஆக, கடையில் நாம் கேட்டு வாங்க வேண்டியது மில்லிமீட்டருக்கு 33 நியூட்டன் விறைப்புள்ள வில். வர்க்கத்தை மறந்து 0.8-ஆல் மட்டும் வகுத்தால் 26.6 என்று வரும். வண்டி தொளதொளவென்று ஆகிவிடும்.

விநாடிக்கு 2 முறை என்று மெதுவான வில்லை வைத்தால் என்ன? அப்போது சக்கரத்தின் விறைப்பு 9.5 நியூட்டன்தான். வளைவில் கூடுதலாக ஏறும் 42 கிலோவுக்கு அது 43 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். போட்டி விதிப்படி சக்கரத்துக்கு மொத்தம் குறைந்தது 50 மில்லிமீட்டர் அசைவும், அதில் மேல்நோக்கி 25 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். எங்கள் காரில் மேல்நோக்கி இருப்பது அந்த 25 மட்டுமே. ஆகவே அது பாதி வளைவிலேயே அடியில் இடித்துக் கொள்ளும். விநாடிக்கு 3 முறை என்றால் அமுக்கம் 19 மில்லிமீட்டர். மேடுபள்ளத்துக்கு இன்னும் 6 மிஞ்சுகிறது. வண்டியின் சாய்வு சுமார் 2 பாகையில் நிற்கிறது. எண்கள் இவ்வாறு ஒன்றோடொன்று கைகோத்து வருவதைக் காணும்போது கணக்கில் நமக்கு ஒரு தனிப் பற்று உண்டாகிறது.

ஆட்டத்தை அடக்குதல்

வில் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாய்வதால் ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. அடக்கம் மிகக் குறைந்தால் சக்கரம் துள்ளும். மிகக் கூடினால் பள்ளத்தில் சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். ஒரு தள்ளலுக்குப் பின் ஆடாமலே நிலைக்கு வரத் தேவையான அளவில் சுமார் 70 சதவிகிதம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற இடம். எங்கள் கணக்கில் அது, சக்கரம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசையும்போது 1,580 நியூட்டன் தடை. மலைச் சைக்கிள்களுக்குச் செய்யப்பட்ட ஷாக் அப்சார்பர்களையே பல மாணவர் குழுக்கள் பயன்படுத்துகின்றன. எடை குறைவு, திருகிச் சரிசெய்யவும் இடமுண்டு.

இடமும் வலமும் உள்ள சக்கரங்களை முறுக்குக் கம்பி ஒன்றால் இணைப்பது உண்டு. இதற்கு ஆன்டி-ரோல் பார் என்று பெயர். மொத்தத்தில் இடம் மாறும் 84 கிலோவை இது குறைக்காது. ஆனால் அதில் முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு என்ற பங்கை மாற்றும். முன்கம்பியை விறைப்பாக்கினால் முன்னச்சில் சுமை மாற்றம் கூடி முன்டயர்களின் பிடி குறையும். திருப்பினாலும் திரும்பாமல் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்கம்பியை விறைப்பாக்கினால் வால் வீசும். ஓட்டுபவர், "மூக்கு உள்ளே வரவில்லை" என்று சொன்னால் முன்கம்பியைத் தளர்த்துகிறோம். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு வண்டி இவ்வளவு பணிவது வியப்பே.

இன்னொன்று: வண்டி வெளியே சாயும்போது வெளிச்சக்கரமும் சேர்ந்து சாய்ந்து, டயரின் வெளிவிளிம்பு மட்டும் தரையில் அழுந்தும். ஆகையால் நிற்கும்போதே சக்கரத்தின் தலையை ஓரிரு பாகை உள்ளே சாய்த்து வைப்பார்கள். இதனைக் கேம்பர் என்பர். போதுமா என்று அறிய, ஓடி வந்தவுடன் டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் வெப்பம் பார்க்க வேண்டும். வெளிவிளிம்பு அதிகம் சுட்டால் இன்னும் உள்ளே சாய்க்க வேண்டும். டயர் வாய் திறந்து பேசுவதில்லை, சுட்டுச் சொல்கிறது.

எஞ்சினும் தண்ணீர்த் தொட்டியும்

இனி எஞ்சினுக்கு வருவோம். எஞ்சினின் திறன் அது உண்ணும் காற்றைப் பொறுத்தது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே. மாணவர் போட்டி விதியில் எஞ்சினின் கொள்ளளவு 710 சி.சி.க்கு மேற்படக் கூடாது. அத்துடன் பெட்ரோல் எஞ்சின் உண்ணும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே கழுத்தின் வழியே போக வேண்டும். அக்கழுத்தில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், பின்னர் எவ்வளவு உறிஞ்சினாலும் விநாடிக்கு சுமார் 74 கிராமுக்கு மேல் காற்று வராது. இஃது இயற்கை விதி. லஞ்சம் வாங்காத காவலாளி.

எங்கள் எஞ்சின் கே.டி.எம். மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த 373 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். நிமிஷத்துக்கு 9,000 சுற்றில் அது உறிஞ்சும் காற்று: 373 × 9,000 ÷ 2 ÷ 60, அதாவது விநாடிக்கு 28 லிட்டர். எடையில் 33 கிராம். எல்லை 74 ஆயிற்றே, தடையே இல்லையே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். நான்கடி எஞ்சின் நான்கில் ஓர் அடியில் மட்டுமே காற்றை உறிஞ்சுகிறது. அந்த ஒரு கணத்தில் அதன் வேகம் 33-ஐப் போல் நான்கு மடங்கு, ஏறக்குறைய 130 கிராம். அப்போது கழுத்து நெரிகிறது. மற்ற மூன்று அடிகளில் கழுத்து சும்மா இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் நம் வீடுகளிலேயே உள்ளது. குழாயில் தண்ணீர் நூல் போல வருகிறது. ஆனால் காலையில் குளிக்கும்போது வாளி வாளியாக வேண்டும். என்ன செய்கிறோம்? மாடியில் தொட்டி கட்டுகிறோம். நூல் போல் வரும் நீர் இரவெல்லாம் தொட்டியை நிரப்புகிறது, காலையில் திறந்துவிடுகிறோம். அதுபோலக் கழுத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு காற்றுத் தொட்டி வைத்தால், கழுத்தில் ஓட்டம் சீராகிறது; சிலிண்டருக்கும் வேண்டியபோது வேண்டிய காற்று கிடைக்கிறது. தொட்டி மிகச் சிறிதானால் பயனில்லை. மிகப் பெரிதானால் ஆக்சிலரேட்டரை மிதித்த பின் எஞ்சின் யோசித்துப் பதில் சொல்லும்.

அடுத்து கலவை. பெட்ரோல் முற்றும் எரிய 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் மிகுந்த திறன் கிடைப்பது 13 பங்குக்குச் சற்று அருகில். காற்றுப் பாதையை மாற்றினால் பழைய கலவைக் கணக்கு செல்லாது. கணினியில் ஒவ்வொரு சுற்று வேகத்துக்கும் புதிதாக அட்டவணை எழுத வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தையும் அவ்வாறே திருத்த வேண்டும். பொறி மிக முந்தினால் எஞ்சின் 'கடகட' என்று தட்டும். அந்தத் தட்டல் பிஸ்டனுக்குச் சாவுமணி. அழுத்த விகிதத்தை உயர்த்துவோர் அஞ்ச வேண்டியதும் இதற்கே.

பின்னச்சின் பற்சக்கரத்தை மாற்றுவது மிகமிக மலிவான திருத்தம். 45 பல்லுக்குப் பதில் 48 பல் வைத்தால் எல்லாக் கியர்களிலும் இழுவை 6.7 சதவிகிதம் கூடும். உச்ச வேகம் குறையும். வளைந்து நெளியும் குறும்பாதையில் அந்த உச்ச வேகத்தை எட்ட இடமே இல்லை என்பதால் நஷ்டமில்லை. எண்ணெய்த் தட்டில் தடுப்புத் தகடு வைப்பதையும் மறக்கலாகாது. மோட்டார் சைக்கிள் வளைவில் தானும் சாய்வதால் எண்ணெய் அடியிலேயே நிற்கும். கார் அப்படிச் சாய்வதில்லை, எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்பு காற்றைக் குடிக்கும், பேரிங்குகள் தீய்ந்துவிடும். திறனைக் கூட்டாத திருத்தம்தான். ஆனால் எஞ்சினைக் காப்பது இதுவே.

இரண்டையும் தராசில் வைத்தல்

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நேர்பாதையில் 75 மீட்டர் ஓடும் சோதனையை ஒரு கார் 4.5 விநாடியில் முடிப்பதாகக் கொள்வோம். திறன் மாறாமல் ஓடும் வண்டிக்குக் காலம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. திறனை 10 சதவிகிதம் கூட்டினால் காலம் 3 சதவிகிதம்தான் குறையும், 4.5 விநாடி 4.36 ஆகும். தொடக்கத்தில் டயர் வழுக்கும் நேரத்தைக் கழித்தால் லாபம் இன்னும் குறையும்.

வளைவில் காலம் பிடியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிடி 4 சதவிகிதம் கூடினால் காலம் 2 சதவிகிதம் குறையும். 60 விநாடிச் சுற்று ஒன்றில் 40 விநாடி வளைவுகளிலும் 20 விநாடி நேர்பாதையிலும் கழிவதாக வைத்துக் கொண்டால், 10 சதவிகிதத் திறன் தருவது 0.6 விநாடி, 4 சதவிகிதப் பிடி தருவது 0.8 விநாடி. நீண்ட ஓட்டப் போட்டி 22 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு சுற்று என்றால் பிடியால் வரும் லாபம் 17 விநாடிக்கு மேல். அந்த 10 சதவிகிதத் திறனுக்குக் காம்ஷாப்ட், பிஸ்டன், புகைக்குழாய் என்று பணம் கரையும். 4 சதவிகிதப் பிடியோ சரியான வில், சரியான அடக்கம், கேம்பர், தாழ்ந்த எடை மையம் இவற்றால் எட்டக்கூடியது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அந்தக் காரினுள் அமரப் போகிறவர் நம் விடுதியில் நம்மோடு ஒரே மேசையில் உண்ணும் மாணவர். மணிக்கு 80-இல் ஓடும் வண்டியை 90-க்கு உயர்த்தினால், நிறுத்தும்போது பிரேக்குகள் விழுங்க வேண்டிய சக்தி 27 சதவிகிதம் கூடுகிறது. வேகம் எட்டில் ஒரு பங்குதான் கூடிற்று. ஆபத்து கால் பங்குக்கு மேல் கூடிற்று. பிடியில்லாத வண்டிக்குத் திறன் கூட்டுவது, கடிவாளம் அறுந்த குதிரைக்குக் கொள்ளு வைப்பதை ஒக்கும்.

எனவே எங்கள் குழு முடிவு செய்த வரிசை இது. முதலில் பிரேக்குகளும் திருகாணிகளும் ஒவ்வொன்றாகச் சோதனை. இரண்டாவது, வில்களும் ஷாக் அப்சார்பர்களும் புதியன. மூன்றாவது, ஆன்டி-ரோல் பார்களும் கேம்பரும். எஞ்சினில் காற்றுத் தொட்டி, கலவை அட்டவணை, பற்சக்கரம், எண்ணெய்த் தடுப்பு ஆகிய நான்கு மட்டும். சிலிண்டரை இவ்வாண்டு திறப்பதில்லை. ஒவ்வொரு சோதனை ஓட்டத்திலும் ஒரே ஒரு மாற்றம், ஒரே ஓட்டுபவர், ஒரே டயர் காற்றழுத்தம். இரண்டை ஒருங்கே மாற்றினால் நன்மையோ தீமையோ எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். அனைத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறோம். எங்களுக்குப் பின் வருபவர்களுக்குக் காரைவிட அந்த நோட்டுத்தான் பெரிய சொத்தாகும்.

பொறியியல் பயிலாத அன்பர்களும் பட்டறைக்கு வரலாம். விநாடிக் கடிகாரம் பிடிக்கவும், டயரின் வெப்பம் பார்த்து எழுதவும் ஆள் வேண்டும். இலக்கியம் படிப்பவர் எழுதும் குறிப்பு எங்கள் குறிப்பைவிடத் தெளிவாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

பயிற்சிக் கணக்குகள்

1. வில்லின் மேல் 50 கிலோ நிற்கிறது. ஆட்டக் கதி விநாடிக்கு 2.5 முறை வேண்டும். சக்கரத்தின் விறைப்பு என்ன?

2. மேற்கண்ட 280 கிலோ காரில் எடை மையத்தை 30-லிருந்து 27 சென்டிமீட்டருக்கு இறக்கினால், இடம் மாறும் சுமை எவ்வளவு?

3. திறனை மாற்றாமல் காரின் எடையை 280-லிருந்து 260 கிலோவாகக் குறைத்தால், 75 மீட்டர் ஓட்டத்தின் 4.5 விநாடி என்னவாகும்?

விடைகள்: 1. மில்லிமீட்டருக்கு 12.3 நியூட்டன். 2. 75.6 கிலோ. 3. சுமார் 4.39 விநாடி.

மூன்றாம் கணக்கை மட்டும் ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். 20 கிலோவைக் குறைத்தால் நேர்பாதையில் லாபம், பிரேக் பிடிக்கையில் லாபம், வளைவிலும் லாபம். எஞ்சினைத் தொடாமலே எஞ்சினைத் திருத்திய பயன் இது. எங்கே அந்த 20 கிலோ ஒளிந்திருக்கிறது என்று தேடும் வேலைதான் இப்போது எங்கள் பட்டறையில் இரவு பகலாக நடக்கிறது.